கடைசிக் கழுவல்

சாக்லேட் ஃபேக்டரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, தண்ணீரை உள்ளே கொண்டுவராதே என்பதுதான். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது மணல் மாதிரித் திரிந்துபோகும். பேக்கிங்கில் இருக்கிற நாங்கள்கூடக் குடிக்கிற பாட்டிலை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தாகம் எடுத்தால் எச்சிலை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கொக்கோ விதை மூட்டையில் வந்து இறங்கும்போது அதைப் பார்த்தால் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். காடியில் ஊறிய செருப்பு மாதிரி ஒரு வாடை. அதை வறுத்து, தோல் நீக்கி, அரைத்தால் அதில் இருக்கிற கொழுப்பிலேயே அது கூழாகிவிடும். சர்க்கரையும் பால்பவுடரும் சேர்த்து, கசப்பும் புளிப்பும் அடங்குகிற வரைக்கும் பெரிய தொட்டியில் நாள் முழுக்கக் கடைந்துகொண்டே இருப்பார்கள். பிறகு ஆறவிட்டு, திரும்ப லேசாகச் சூடுகாட்டி, பதம் பார்த்து அச்சில் ஊற்றுவார்கள். பதம் தப்பினால் மினுமினுப்பு வராது, உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வராது, நாலு நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும். அந்தப் பதம் பார்க்கிற மெஷின் என் தங்கை புருஷனுடைய பொறுப்பு. நல்ல கை. அதை இப்போதும் சொல்வேன், சொல்ல வயிறு எரிந்தாலும்.

அந்த மெஷினில் காலையில் வேர்க்கடலை விழுது கலந்த சாக்லேட் ஓடும், மதியம் வெறும் பால் சாக்லேட் ஓடும். நடுவில் குழாயைக் கழுவ வேண்டுமே, தண்ணீர் ஆகாதே? ஆகவே சாக்லேட்டைச் சாக்லேட்டால்தான் கழுவுவோம். வெறும் சாக்லேட்டை உள்ளே ஓடவிட்டு, வெளியே வருவதைத் தகரத் தட்டுகளில் பிடித்து ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு எங்களிடம் கழுவல் என்று பெயர். முதல் கழுவலில் கடலை வாசனை மூக்கைத் துளைக்கும். அடுத்ததில் குறையும். கடைசிக் கழுவலில் நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

எந்தக் கழுவலாக இருந்தாலும் அடுத்த கடலை ஓட்டத்துக்குத்தான் திரும்பிப் போகவேண்டும் என்பது சட்டம். சட்டம் சுவரில் தொங்கும். கடைசிக் கழுவல் தட்டு ஒன்றிரண்டு யாருடைய பையிலாவது ஏறி வீட்டுக்குப் போகும். சூப்பர்வைசரே கொண்டுபோவார். "கழுவி முடிச்ச குழாயில வர்றதுப்பா, இதைவிட சுத்தம் எது இருக்கு?" என்பார். வெளியாள் கேட்டால் இது என்ன பேச்சு என்பான். பத்து வருஷம் அந்தச் சூட்டிலும் வாசனையிலும் கிடந்தவர்களுக்கு அது வேதவாக்கு.

என் தங்கை மகள் சுண்டுவுக்குக் கடலை ஆகாது. பெயர் வேறு, உருவத்தைப் பார்த்து நான் வைத்தது சுண்டு. வயது ஏழு, பார்த்தால் ஐந்து. பால்குடி மறந்த புதிதில் யாரோ பாசமாக ஒரு கடலை மிட்டாய்த் துண்டை வாயில் வைத்துவிட, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு நின்று, திரும்பி வந்தாள். அன்றிலிருந்து என் தங்கை எதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடைப் பண்டத்தை வீட்டுக்குள் விட்டதில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிப்பதற்காகவே கண்ணாடி வாங்கியவள் அவள். கூடையில் ஒரு பொருளைப் போடுவதற்குள் எனக்குக் கால் வலித்துவிடும்.

"வாய்க்கு ருசியா எதுவும் குடுக்க முடியலையேன்னு அழறதைவிட, நாமளே செஞ்சு குடுத்துட்டுப் போவோம்" என்று அவளே சாக்லேட் பண்டங்கள் செய்யக் கற்றுக்கொண்டாள். அப்புறம் தெருப் பிள்ளைகளும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். விடுமுறை நாளில் அவள் அடுப்படியில் ஒரு வகுப்பே நடக்கும். சுண்டுதான் சட்டாம்பிள்ளை. வாசலிலேயே நின்றுகொண்டு, "கையைக் காட்டு, கடலை சாப்பிட்டியா?" என்று ஒவ்வொருவனையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுவாள். போலீஸ் தோற்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். சாக்லேட் கட்டி தீர்ந்துபோயிருந்ததால் மாப்பிள்ளை முதல் நாள் ஒரு கட்டி கொண்டுவந்திருந்தார். எங்கள் ஸ்டாஃப் ஸ்டோரில் கடலையே புழங்காத தனிப் பிரிவில் செய்த வெறும் சாக்லேட் கிடைக்கும், வழக்கமாக அதைத்தான் வாங்குவார். தங்கை அதில் பாதிக்கு மேல் துண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டிருந்தாள்.

"இப்பப் பாருங்க. கீழ பாத்திரத்துல தண்ணி, மேல கிண்ணம். கிண்ணத்தோட அடி தண்ணியைத் தொடக் கூடாது. ஆவி மட்டும்தான் படணும். ஈரக் கையா இருக்கிறவங்க எல்லாம் எட்டிப் போங்க."

"ஆன்ட்டி, எனக்கு வேர்க்குது, அது ஈரமா?"

"உன்னை மாதிரி ஆளு தண்ணியே இல்லாம திரிச்சிடுவே. தள்ளி நில்லு."

பிள்ளைகள் சிரித்தார்கள். சாக்லேட் உருகியதும் அடுப்பை அணைத்து, ஒரு கரண்டி வெண்ணெய் போட்டுக் கிளறினாள். பாதியை எடுத்துத் தனியாக வைத்து, அதில் பொரியையும் உலர்திராட்சையையும் கொட்டிப் புரட்டி, எண்ணெய்க் காகிதத்தின் மேல் ஸ்பூன் ஸ்பூனாக வைக்கச் சொன்னாள். ஆறினால் அது கொத்துக் கொத்தாக இறுகிவிடும், அவ்வளவுதான் பக்குவம். மீதிப் பாதியில் நொறுக்கிய பிஸ்கட், இரண்டு கரண்டி பால். பிசைந்து உருட்டி, பொடித்த சர்க்கரையில் புரட்டினால் உருண்டை. அதற்கு மேல் அடுப்பும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், உருட்டத் தெரிந்த கை இருந்தால் போதும். புரட்டுகிற நேரத்தில் ஒரு வாண்டு சர்க்கரைத் தட்டைக் கவிழ்த்துவிட்டான். வீட்டில் வேறு சர்க்கரை இல்லை. தங்கை பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு கிண்ணம் கடன் வாங்கி வந்தாள்.

முதல் உருண்டையைச் சுண்டுவின் வாயில் வைத்தது தங்கையின் கைதான். சட்டாம்பிள்ளைக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு.

இரண்டாவதைக் கேட்கத் திரும்பியவள் உதட்டைத் தடவினாள். "அம்மா, நாக்கு கடிக்குது" என்றாள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. கண் இமை தடித்தது, கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுத்தது. தங்கை அலறவில்லை. இப்படி ஆனால் போடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த ஊசியை அலமாரியிலிருந்து எடுத்து, பிள்ளையைக் கீழே தள்ளி முழங்காலால் அழுத்தி, பாவாடைக்கு மேலேயே தொடையில் குத்தினாள். சுண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அம்மா எதையோ ஊட்டினாள், மூச்சு நின்றது, அம்மாவே கீழே தள்ளிக் குத்துகிறாள் என்கிற பார்வை அது. அந்தக் குத்துதான் உயிரைக் காப்பாற்றுகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் மூச்சுவிடத் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். இரண்டு நாள் எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. மூன்றாம் நாள் குழாயை எடுத்துவிட்டு, ஏதாவது கஞ்சியாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தங்கை ஸ்பூனை எடுத்து ஊதி, ஆற்றி, உதட்டருகே கொண்டுபோனாள். சுண்டு வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கு விடைக்க, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கஞ்சிதாண்டி செல்லம். ஒண்ணும் இல்ல. பாரு, அம்மா சாப்பிடறேன்."

பிள்ளை திரும்பவே இல்லை. மாப்பிள்ளை ஸ்பூனை வாங்கி உதட்டருகே நீட்டினார். வாய் திறந்தது.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். தங்கை தொட்ட தட்டைக்கூடச் சுண்டு தொடமாட்டாள். அப்பா வேலையிலிருந்து வரும் வரை பட்டினி கிடப்பாள். அவர் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்து ஊட்டுவார், அவள் தின்பாள். அதுவரைக்கும் அந்த மனுஷன் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டி நான் பார்த்ததில்லை. இப்போது பிசைந்து, சூடு பார்த்து, கதை சொல்லி... முகத்தில் ஒரு வெளிச்சம் வேறு. தங்கை அடுப்படி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்காது.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச மாப்பிள்ளையின் அக்கா வந்து சேர்ந்தாள். எங்களுக்குள் அவளுக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட் வாசலை மிதித்ததில்லை, ஆனால் குறுக்கு விசாரணைக்குக் குறைச்சல் இல்லை.

"ஏம்மா, ஊர்ல இருக்கிற பாக்கெட்டை எல்லாம் கண்ணாடி போட்டுப் படிக்கிறவ, பக்கத்து வீட்டுச் சர்க்கரையை என்னன்னு கேக்காம வாங்கிட்டு வந்தியா? அந்தக் கரண்டி எதுல கெடந்துச்சோ, யார் கண்டா?"

"கேட்டேன் அண்ணி. கரண்டிய கழுவிட்டுத்தான் போட்டாங்க."

"கழுவுனாங்களாம்! பெத்த பிள்ளையே உன் கையப் பாத்து பயப்படுது. அதுக்கு மேல சாட்சி வேணுமா? வர்ற ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போயிடறேன். பள்ளிக்கூடத்தையும் அங்கயே பாத்துக்கலாம்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். என் தங்கை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னைப் போட்டு வதைத்தது. வாயாடி அவள், என் தங்கை இல்லையா? அவளே நம்பிவிட்டாள், தன் கைதான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது என்று.

மறுநாள் ஷிப்ட் முடிந்து போனபோது தங்கை அடுப்படித் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சமைத்ததில் மிச்சமிருந்த எல்லாம். பிஸ்கட் உறை, வெண்ணெய்த் தாள், திராட்சை டப்பா, பொரிப் பை, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த சர்க்கரை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள்.

"சாக்லேட், வெண்ணெய், பொரி, திராட்சை... பிஸ்கட், பால், சர்க்கரை. எது அக்கா? எதுல இருந்துச்சு? ஒண்ணு ஒண்ணா பாக்கறேன். சர்க்கரைதான், இல்ல? நீ கொஞ்சம் மோந்து பாரேன்."

செய்முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் திரும்பத் திரும்ப அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் வாயை மூடுவதற்காகத்தான் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். வெட்டாமல் மிஞ்சியிருந்த சாக்லேட் கட்டி அது.

ஸ்டாஃப் ஸ்டோர் கட்டியில் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருக்கும், நடுவில் கம்பெனி முத்திரை இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. புருஷன் கொண்டுவருவதை மட்டும் தங்கை சோதித்துப் பார்ப்பதில்லை. திருப்பினேன். அடிப்பக்கம் நெளிநெளியாக இருந்தது. மூலையில் ஒரு பள்ளம். தகரத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று மோதி மூலை நசுங்கினால் சாக்லேட்டில் அந்தப் பள்ளம்தான் விழும். கழுவல் தட்டுகளை நான் தினமும் பார்க்கிறவள். முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. கடைசிக் கழுவலில் வாசனை இருக்காது.

தங்கையிடம் அப்போது சொல்லவில்லை. அவன் வாயால் வரவேண்டும் என்று நினைத்தேன். அதுவரை மாப்பிள்ளை என்று மரியாதை கொடுத்துவந்த எனக்கு மனதுக்குள் அவன் என்றுதான் வந்தது.

மறுநாள் காலை ஃபேக்டரி வாசலில், பாட்டில்களை வைக்கிற அலமாரிப் பக்கம் அவரைப் பிடித்தேன். தாளில் சுற்றிய கட்டியை நீட்டினேன். பிரிக்கவே இல்லை, நெளிவைத் தாளுக்கு மேல் தடவிப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது.

"ஸ்டோர் பூட்டிட்டாங்க அக்கா. மறுநாள் வகுப்புன்னு அவ சொல்லியிருந்தா. கடைசிக் கழுவல்தானேன்னு... நானே நாக்குல வெச்சுப் பாத்தேன். ஒண்ணுமே தெரியலை. குழாய் அவ்ளோ சுத்தமா இருந்துச்சு."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியில. டாக்டர் சொன்னாரு, கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்னு."

"அப்பவே ஏன் சொல்லலை? வேலை போயிடுமா?"

"வேலை போனா போகட்டும்" என்றார். அலமாரியில் இருந்த யாருடைய பாட்டிலையோ எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "அவ இப்ப என் கையாலதான் சாப்பிடுறா அக்கா. சொன்னா அதுவும் நின்னுடும். அப்புறம் யாரு ஊட்டுவா?"

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன், உள்ளே போகிற கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் பசிக்குப் பயந்தாரா, அந்தப் பாசத்துக்கு ஆசைப்பட்டாரா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை. ஒருத்தி தான் செய்யாத பாவத்தை நினைத்துத் தினமும் சர்க்கரையை முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்றீங்க. இல்லேன்னா நான் சொல்வேன். நான் சொன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்."

சனிக்கிழமை சாயங்காலம் சொன்னார். வக்கீல் சுண்டுவின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சுண்டு உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வக்கீல் கையில் ஒரு சின்னச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நீயாடா?" என்று மட்டும் கேட்டாள். விசாரணை அத்தோடு முடிந்தது.

என் தங்கை கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். இத்தனை நாள் அழாத அழுகை. முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்கிட்ட சொன்னது போதும். அவகிட்டப் போய் சொல்லுங்க" என்றாள்.

"சின்னப் பிள்ளைடி, அவளுக்கு என்ன புரியும்?"

"என் கையப் பாத்து வாய மூடத் தெரியுதுல்ல? புரியும்."

நாங்கள் எல்லோரும் உள்ளறைக்குப் போனோம். அவர் சுண்டுவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அம்மா மேல தப்பு இல்லடா, அந்த சாக்லேட்டை அப்பாதான் கொண்டுவந்தேன், அதுலதான் கடலை இருந்துச்சு என்றார். எளிமையாகத்தான் சொன்னார், குறையும் வைக்கவில்லை. அதற்காக அவரை நான் ஒரு துளி மதிக்கிறேன்.

சுண்டு கலர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அம்மாக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது. சுத்தமா இருக்குன்னு நெனச்சேன்."

"தின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பவும் தெரியலையா?"

"தெரியலைடா."

அவள் ஒருவர் மாற்றி ஒருவராக எங்களைப் பார்த்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. வாசலில் நின்று பிள்ளைகளின் கையை முகர்ந்து பார்ப்பாளே, அதே கவனம்.

"அப்போ யாருக்குமே தெரியாதா?"

என்ன பொய் சொல்வது என்று எனக்குக்கூடத் தோன்றவில்லை.

தங்கைதான் எழுந்து போனாள். ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டுப் பிசைந்துகொண்டு வந்தாள். அவள் நடையில் வேகம் இருந்தது, முகத்தில் ஆசை இருந்தது. உண்மை வெளியே வந்துவிட்டது, இனி பிள்ளை தன்னிடம் வந்துவிடுவாள் என்றுதான் அவள் நம்பினாள். நானும் அதைத்தான் நம்பினேன். உருட்டி உதட்டருகே கொண்டுபோனாள்.

சுண்டு வாயை மூடிக்கொண்டாள்.

தட்டு மாப்பிள்ளையின் கைக்கு மாறியது. அவர் ஒரு வாய் உருட்டி நீட்டினார். சுண்டு தலையை ஆட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம்.

"பெரியம்மா ஊட்டட்டுமா?" என்றேன். எங்கிருந்தோ எனக்கு அந்த அசட்டுத் துணிச்சல்.

"நீயும் அங்கதானே வேலை பாக்குற?" என்றாள்.

வக்கீலின் முறை வரவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று இரவு சுண்டு எதுவும் சாப்பிடவில்லை. தங்கை மடியில் படுக்கவும் வரவில்லை. காலையில் தானாக எழுந்து அடுப்படிக்கு வந்தாள். பசியில் முகம் சிறுத்திருந்தது.

"முட்டை வேணும். உடைக்காம, ஓட்டோட" என்றாள்.

தங்கை ஒரு முட்டையை வேகவைத்து ஓட்டோடு தட்டில் வைத்தாள். சுண்டு அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் தட்டின் ஓரத்தில் தட்டி, சின்ன நகத்தால் உரிக்கத் தொடங்கினாள். அவளுக்கு உரிக்கத் தெரியாது. வெள்ளை பிய்ந்து பிய்ந்து வந்தது. அவள் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஓட்டுச் சில் ஒன்று முட்டையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தங்கை தன்னை மறந்து, அதை எடுத்துவிடக் கையை நீட்டினாள்.

சுண்டு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.